கியூபெக்கின் லில்லிக் கொடி

கனடா தேசத்தின் கிழக்குப் பாகத்திலே, சென் லோறன்ஸ் என்னும் பெருநதியின் இரு மருங்கும் விரிந்து கிடப்பது கியூபெக் மாகாணம். இலங்கைத் தீவைப் போல இருபது மடங்கிற்கு மேற்பட்ட பரப்பினை உடையது அது. அதன் தலைநகரின் பெயரும் கியூபெக்கே. ஆற்றை நோக்கிய மேட்டு நிலத்தில் அமைந்த அந்நகரிலே, மாகாணப் பாராளுமன்றக் கட்டடத்தின் நடுக்கோபுரத்தில் ஒரு கொடி பறக்கிறது. நீல நிறத் துணி. அதனை மேலிருந்து கீழாகவும் ஓரத்திலிருந்து ஓரம்வரையும் ஊடறுத்துச் செல்லும் வெண்ணிறச் சிலுவை. அச்சிலுவை பிரித்த நான்கு நீலக் கட்டங்களிலும் கட்டத்துக்கொன்றாக நான்கு வெண்ணிற லில்லி மலர்கள். எழுத்தில்லை, விலங்கில்லை, மகுடமில்லை. பிரெஞ்சு மொழியில் இதனை 'ஃபுளூர்தெலிசே' என்பர். லில்லி பொறித்தது என்பதே அதன் பொருள்.

1983ஆம் ஆண்டின் கொடுமைகளுக்குப் பின்னர் இலங்கையை விட்டுச் சென்ற தமிழருள் ஆயிரக்கணக்கானோர் இம்மாகாணத்தின் பெருநகராகிய மொன்றியலில் குடியேறினர். 1977ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனத்தின்படி அவர்தம் பிள்ளைகள் பிரெஞ்சு மொழியிலேயே கல்வி கற்கலாயினர். ஆதலால், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வேர்கொண்ட பல குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்த நீலக் கொடி நாளாந்தம் கண்ணிற் படும் ஒரு பொருளாகிவிட்டது. ஆயினும், அந்தக் கொடி எங்கிருந்து வந்தது, அதன் நிறத்துக்கும் மலருக்கும் பொருள் யாது, அதற்காக யார் யார் போராடினர் என்பன பெரியோருட் பலரும் அறியாதவை. கியூபெக்கில் நெடுங்காலமாக வாழும் குடும்பங்களிலும் கொடியின் கதையைக் கட்டுக்கதையோடு சேர்த்தே அறிந்தவர் பலர்.

முதலில் அம்மலரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். தமிழில் லில்லி என்றதும் குளத்து அல்லியை நினைப்போர் உளர். இஃது அதுவன்று. கொடியில் உள்ளது இயற்கை மலரின் படமுமன்று. நடுவே ஈட்டிமுனை போல நிமிர்ந்த ஓரிதழும், இருபுறமும் வெளிநோக்கி வளைந்து விழும் ஈரிதழ்களும், மூன்றையும் இறுகக் கட்டிய ஒரு பட்டையும் கொண்ட சித்திர வடிவம் அது. பிரான்சு தேசத்து மன்னர்கள் 12ஆம் நூற்றாண்டு முதல் இவ்வடிவத்தைத் தம் அரச சின்னமாகக் கொண்டிருந்தனர். முற்காலத்தில் நீலப் பரப்பெங்கும் எண்ணிறந்த பொன்னிற லில்லிகளைத் தூவினாற்போல் வரைவர். 14ஆம் நூற்றாண்டிலே ஐந்தாம் சார்ள்ஸ் மன்னர் காலத்தில் அவை மூன்றாகக் குறுகின. கிறித்தவர் போற்றும் திரித்துவத்தை அம்மூன்றும் குறிக்கும் என்றனர். வெள்ளை லில்லி கன்னி மரியாளின் தூய்மைக்கு அடையாளமாகவும் வழங்கியமையால், அரண்மனை, ஆலயம் ஆகிய இரண்டுக்கும் அம்மலர் உரியதாயிற்று. இந்த இரட்டை உரிமை பிற்காலத்தில் பெரும் பயன் விளைத்தது.

ஆனால் அவ்வடிவத்துக்கு மூலம் லில்லிதானா? தாவரங்களை அறிந்தோர் பலர் ஐயுறுகின்றனர். லில்லிப் பூவின் இதழ்கள் ஏறத்தாழ ஒரே வகையாக விரிவன. சில நிமிர்ந்தும் சில கீழ்நோக்கி மடிந்தும் நிற்கும் தன்மை ஐரிஸ் என்னும் மலருக்கே உரியது. ஐரோப்பாவின் ஆற்றங்கரைச் சேற்றில் மஞ்சள் நிறத்தில் பூப்பது அது. இந்த ஐயப்பாட்டை நேயர்கள் மனத்திற் கொள்வார்களாக; நானூறு ஆண்டு கடந்து கியூபெக் அரசாங்கமே இதன்பொருட்டு ஒரு சட்டம் இயற்ற நேர்ந்தது.

கியூபெக் மண்ணில் இம்மலர்ச் சின்னம் முதன்முதலாக நாட்டப்பட்ட நிகழ்ச்சி எழுத்திற் பதிவாகியுள்ளது. 1534ஆம் ஆண்டு யூலை 24ஆம் நாள், பிரெஞ்சு மாலுமி ஜாக் கார்த்தியே கஸ்பே என்னும் இடத்தில் முப்பதடி உயரமான மரச் சிலுவை ஒன்றை நிறுத்தினார். அதன் குறுக்குச் சட்டத்தின்கீழ் மூன்று லில்லிகள் செதுக்கிய கேடயமும், பிரான்சு மன்னர் வாழ்க என்னும் வாசகமும் பொருத்தப்பட்டிருந்தன. அப்பொழுது அங்கே மீன்பிடிக்க வந்திருந்த இரோக்குவா இனத்தவர் இதனைப் பார்த்துக்கொண்டு நின்றனர். பின்னர் அவர்தம் தலைவராகிய தொன்னக்கோனா தம் மைந்தர்களுடன் தோணியேறிக் கப்பலருகே வந்து, இரண்டு விரல்களால் சிலுவை வடிவு காட்டி, சுற்றியுள்ள நிலமனைத்தையும் சுட்டி, நெடுநேரம் பேசினார். மொழி விளங்காவிடினும் பொருள் விளங்கிற்று: இந்நிலம் எமது, எம்மைக் கேளாது நீ இதனை நாட்டியது ஏன்? அந்தச் சிலுவை கப்பல்களுக்கு வழிகாட்டும் அடையாளமே என்று சைகையாற் சமாதானம் கூறிய கார்த்தியே, தலைவரின் மைந்தர் இருவரைத் தம்முடன் பிரான்சுக்கு அழைத்துச் சென்றார். இவற்றை எழுதிவைத்தவர்கள் தொன்னக்கோனாவின் மக்கள் அல்லர்; கார்த்தியேயின் பயண வரலாறே அவ்வாறு கூறுகிறது. லில்லி அம்மண்ணில் ஊன்றப்பட்ட அன்றே அதற்கு எதிர்ப்பும் பிறந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1608இல் சாமுவேல் த சாம்பிளேன் கியூபெக் நகரைத் தோற்றுவித்தார். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அந்நாடு நவ பிரான்சு என வழங்கியது. அக்காலத்தில் இன்றிருப்பது போலத் தேசியக் கொடி என்று ஒன்று இருக்கவில்லை. அரசனின் கடற்படைக்கு வெண்கொடி. படைப்பிரிவுகளுக்குத் தனித்தனிக் கொடிகள். வணிகக் கப்பல்களுக்கு நீலத்தில் வெண்சிலுவை எழுதிய கொடி. கியூபெக்கின் இன்றைய கொடியிற் காணும் நீலமும் வெண்சிலுவையும் இந்த வணிகக் கொடியின் வழிவந்தவை. போர்வீரனின் கொடியினும் சரக்கேற்றிய மாலுமியின் கொடியே நிலைத்தது என்று கூறினும் பிழையாகாது.

இனி, கதையின் நடுநாயகமான ஓரிடத்துக்கு வருவோம். இன்று ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்துள் அடங்கும் காரியோன் என்னும் கோட்டையை, 1758ஆம் ஆண்டு யூலை 8ஆம் நாள் பிரித்தானியப் படை தாக்கியது. தளபதி அபர்க்ரொம்பியின் கீழ் வந்தோர் ஏறத்தாழ 15,000 பேர். எதிர்த்து நின்ற மொங்கால்ம் என்பாரிடம் இருந்தோர் 4,000 பேருக்கும் குறைவு. வெட்டிச் சாய்த்த மரங்களைக் கூரிய கிளைகளோடு வேலியாக அடுக்கி, அவ்வேலியின் பின்னிருந்து பிரெஞ்சுப் படை வென்றது. அந்த வெற்றியின் மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டு செப்டெம்பர் 13ஆம் நாள் கியூபெக் நகரின் புறத்தேயுள்ள ஆபிரகாம் சமவெளியில் மொங்கால்ம் படுகாயமுற்றார், நகர் வீழ்ந்தது. 1760 செப்டெம்பரில் மொன்றியலும் சரணடைந்தது. தம் படைக்கொடிகளை எதிரி கையில் ஒப்படைக்க மனமின்றி, தளபதி லேவி அவற்றைச் சென் லோறன்ஸ் நதியிலுள்ள சென் எலேன் தீவில் இரவோடிரவாக எரிப்பித்தார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையால் பிரான்சு அந்நாட்டைப் பிரித்தானிய முடிக்கு விட்டுக்கொடுத்தது. அதிகாரிகளும் செல்வருட் பலரும் கப்பலேறினர். உழவரும் குருமாரும் எஞ்சினர். மொழியும் சமயமும் அவர்களிடம் இருந்தன, கொடி இல்லை.

1774ஆம் ஆண்டின் கியூபெக் சட்டம் அவர்களுக்குக் கத்தோலிக்க சமய உரிமையையும் பிரெஞ்சுக் குடியியற் சட்டத்தையும் திரும்ப அளித்தது. அரசியலுரிமைக்காக 1837, 1838ஆம் ஆண்டுகளில் ஆயுதம் ஏந்திய 'பத்திரியோத்' எனப்பட்ட தேசாபிமானிகள் பச்சை, வெள்ளை, சிவப்பு ஆகிய முந்நிறக் கொடியைப் பிடித்தனர். அக்கிளர்ச்சி அடக்கப்பட்டது, பன்னிருவர் மொன்றியலில் தூக்கிலிடப்பட்டனர். அக்கொடியும் அவர்களோடு மறைந்தது என்று அன்று எண்ணினர். ஆயினும் பிற்காலப் பிரிவினைவாதிகள் அதை மீண்டும் கையிலெடுத்தனர்.

அந்தத் தோல்வியின் துயரம் ஆறாத வேளையிலேதான் ஒரு பழைய பெட்டி திறக்கப்பட்டது. கியூபெக் நகரத்து வழக்கறிஞர் லூயி த கொன்சாக் பைலார்ஜே என்பவர் 1847இல் றிகொலே சபையைச் சேர்ந்த முதிய துறவி ஒருவரைக் கண்டு, காரியோன் போரிற் பிடித்த கொடி ஒன்று இருந்ததாமே என்று வினவினார். அச்சபையின் ஆலயம் 1796இல் தீக்கிரையானபோது காப்பாற்றப்பட்ட பொருள்களிடையே அது இருக்கலாம் எனத் துறவி சொல்ல, பெட்டி தேடப்பட்டது. மடித்துவைத்த பழந்துணி ஒன்று வெளிவந்தது. வெளிறிய துணி, நான்கு மூலைகளிலும் நடுவை நோக்கிச் சாய்ந்த நான்கு லில்லிகள், ஒரு பக்கத்தில் தேவமாதாவின் உருவம். 1848ஆம் ஆண்டு யூன் 24ஆம் நாள், பிரெஞ்சுக் கனேடியரின் திருநாளாகிய அருளப்பர் பெருவிழா ஊர்வலத்தில் அதனை எடுத்துச் சென்றனர். கண்டோர் கண்ணீர் சிந்தியிருப்பின் வியப்பில்லை. 1858இல், போர் நிகழ்ந்து நூறாண்டு நிறைந்தபோது, கவிஞர் ஒக்தாவ் கிறெமாசி காரியோன் கொடியைப் பற்றி நெடும்பாட்டொன்று இயற்றினார். பிரான்சு மன்னனிடம் உதவி வேண்டிக் கொடியுடன் கடல் கடந்து சென்று, வாயிலிலேயே மறுக்கப்பட்டு, வெறுங்கையோடு திரும்பி, பழைய போர்க்களத்திலே உயிர்விடும் கிழவீரன் ஒருவனை அப்பாட்டு படைத்தது. பின்னர் அது இசையமைக்கப்பட்டு வீடுதோறும் பாடப்பட்டது.

அந்தத் துணி உண்மையில் போர்க்களம் கண்டதா? ஆராய்ந்தோர் அதனைப் படைக்கொடி என்று கொள்ளவில்லை. ஆலயப் பவனிகளில் கோலிற் கட்டித் தூக்கிச் செல்லும் திருக்கொடி வகையைச் சேர்ந்தது அது. துறவியொருவர் அதைக் கோட்டைக்குக் கொண்டுசென்றிருக்கலாம், செல்லாதிருக்கவும் கூடும். மொங்கால்மின் வீரர்கள் அதன் நிழலிற் பொருதனர் என்பது பாட்டுத் தந்த கதை. எனினும் அக்கதை தவறென்று அறிந்த பின்னரும் அத்துணியின் மதிப்புக் குறையவில்லை. தோல்வியுற்ற ஒரு சமூகம் தான் வென்ற ஒருநாளை நினைக்க விரும்பியது. அந்த நாளுக்கு ஓர் உருவம் தேவைப்பட்டது. பெட்டியிலிருந்த திருக்கொடி அதற்கு வாய்த்தது.

ஆயினும் அக்கொடியை உடனே எவரும் பொதுக்கொடியாக ஏற்கவில்லை. அதற்கு இடையூறாக வந்தது பிரான்சின் முந்நிறக் கொடியே. கிரிமியப் போரில் பிரித்தானியாவும் பிரான்சும் நேசநாடுகளாயின. அதனால் கனடாவில் பிரெஞ்சுக் கொடியைப் பிடிப்பது இராசத்துரோகம் என்ற அச்சம் நீங்கிற்று. 1855இல் 'ல கப்பிரிசியூஸ்' என்னும் பிரெஞ்சுப் போர்க்கப்பல் கியூபெக் துறைமுகத்தை அடைந்தபோது, நாட்டைக் கைவிட்டுச் சென்ற பின்னர் முதன்முறையாக வந்த கடற்படைக் கப்பல் அதுவே என்று மக்கள் திரண்டனர். அக்காலந் தொட்டு விழாக்களில் நீலம், வெள்ளை, சிவப்பு ஆகிய பிரெஞ்சுக் கொடியே எங்கும் பறந்தது. அயல் மாகாணங்களில் வாழ்ந்த அக்கேடியர் என்னும் பிரெஞ்சு மொழியினர், 1884இல் அதன்மேல் ஒரு மஞ்சள் விண்மீனைப் பொறித்துத் தமதாக்கிக்கொண்டனர். இன்றும் அதுவே அவர்களின் கொடி.

கியூபெக் குருமாரோ முந்நிறக் கொடியை உள்ளூர வெறுத்தனர். அஃது அரசனைக் கொன்ற புரட்சியின் கொடி. ஆலயங்களைப் பூட்டிய குடியரசின் கொடி. புரட்சியோடு பிரான்சில் லில்லி செல்வாக்கிழந்தது. ஆனால் புரட்சிக்கு முன்னரே பிரான்சிலிருந்து பிரிந்துபோன கியூபெக்கிலோ லில்லிக்கு அந்தக் கறை படியவில்லை. தாய்நாடு துறந்த சின்னத்தை, தாய்நாட்டினால் துறக்கப்பட்ட பிள்ளை வைத்துப் பேணியது. சென்-ஜூட் என்னும் சிற்றூரின் பங்குக்குருவாகிய எல்பேஜ் பிலியாத்றோ இதனை நன்குணர்ந்தார். 1902ஆம் ஆண்டு செப்டெம்பர் 26ஆம் நாள், தமது இல்லத்தின்மேல் அவர் ஒரு புதிய கொடியை ஏற்றினார். காரியோன் துணியின் நான்கு சாய்ந்த லில்லிகளையும், பழைய வணிகக் கப்பலின் வெண்சிலுவையையும் நீலப் புலத்திலே இணைத்திருந்தார். இன்றைய கொடியின் நேர் மூதாதை அதுவே. தலைநகரத்து அறிஞர் சபையோ அரச மாளிகையோ படைக்காத ஒன்றை, கிராமத்துப் பாதிரியார் ஒருவர் தம் வீட்டுக் கூரையில் நிறுத்தினார்.

ஆனால் பக்தி மிகுந்தோர்க்கு அவ்வளவு போதவில்லை. விரைவிலேயே கொடியின் நடுவே இயேசுவின் திருவிருதயம் இடம்பெற்றது; அதனைச் சுற்றி மேப்பிள் இலைமாலையும் வரையப்பட்டது. பல சங்கங்கள் இந்தத் திருவிருதயக் கொடியையே ஏற்றன. வேறு சிலர் தயங்கினர். திருவிருதயத்தைச் சந்தைத்தெருவிலும் தேர்தற் கூட்டத்திலும் அசைத்துத் திரிவது தகாது என்று கத்தோலிக்கரே கூறினர். கத்தோலிக்கர் அல்லாதார் அதனை எவ்வாறு தமதென்று கொள்வர் என்று மற்றையோர் கேட்டனர். இரண்டும் நேரிய வினாக்களே.

இவ்வாறு அரை நூற்றாண்டு கழிந்தது. இதற்கிடையே அரசாங்கமும் மெல்லமெல்ல லில்லியை நோக்கி நகர்ந்தது. 1868இல் விக்தோரியா மகாராணியார் வழங்கிய மாகாணச் சின்னத்திலே நீல லில்லிகள் இரண்டு மட்டுமே இருந்தன. 1939இல் மாகாண அரசாங்கம் தானாகவே அதனை மாற்றி, பண்டைப் பிரான்சு மன்னர் சின்னத்தைப் போல நீலத்தில் மூன்று பொன் லில்லிகளைப் பொறித்தது. பாராளுமன்றக் கட்டடத்தை வரைந்த சிற்பி ஏஜேன் எத்தியேன் தாஷே அதன் வாயிலின்மேல் 1883இல் திட்டமிட்ட 'நான் நினைவில் வைத்திருக்கிறேன்' என்னும் வாசகமும் அச்சின்னத்திற் சேர்ந்தது. எதை நினைவில் வைத்திருப்பது என்பதை அவ்வாசகம் சொல்லவில்லை. 1978 முதல் அம்மாகாணத்து மோட்டார் வண்டிகளின் இலக்கத் தகட்டிலும் அதுவே காணப்படுகிறது.

கனடா மத்திய அரசாங்கம் நாட்டுக்கொரு கொடி தேடி அமைத்த பாராளுமன்றக் குழு, 1946இல், மூலையில் யூனியன் ஜாக் அமைந்த செங்கொடியையே சிபாரிசு செய்தது. கியூபெக்கில் அது கசப்பை விளைத்தது. சட்டசபையின் சுயேச்சை அங்கத்தவர் ரெனே ஷாலூ என்பவர், மாகாணத்துக்குத் தனிக்கொடி வேண்டுமெனப் பிரேரணை கொண்டுவந்தார். சங்கங்களும் நகர சபைகளும் மனுக்களைக் குவித்தன. மாகாண முதலமைச்சர் மொறிஸ் டியூப்பிளெசி தாமதித்தார். அவர் எதிலும் பிறர் முந்துவதை விரும்பாதவர். பிறர் பிரேரித்ததை நிறைவேற்றிப் புகழைப் பங்கிடுவதையும் விரும்பாதவர். ஷாலூவின் பிரேரணை சபையில் விவாதிக்கப்படவிருந்த நாள் 1948 ஜனவரி 21. அன்று காலையிலேயே மந்திரிசபை கூடிக் கட்டளை ஒன்றைப் பிறப்பித்தது. பிற்பகல் மூன்று மணிக்குச் சபை கூடியபோது, யூனியன் ஜாக் பறந்த கோபுரத்தில் நீலக் கொடி பறக்கத் தொடங்கிவிட்டது. முதலமைச்சர் எழுந்து செய்தியை அறிவித்தார். விவாதிப்பதற்கு ஒன்றும் எஞ்சவில்லை. தம் பிரேரணையின் பயன் இன்னொருவர் கணக்கில் எழுதப்பட்டதை ஷாலூ கண்டார். ஆயினும் அவர் மகிழ்ந்து வரவேற்றார் என்பதை இங்கே குறிப்பிடுதல் தகும். எதிர்க்கட்சியினரும் மறுப்புரைக்கவில்லை. அவ்வாண்டு யூலையில் நிகழ்ந்த பொதுத்தேர்தலில் டியூப்பிளெசியின் கட்சி 92 ஆசனங்களுள் 82ஐக் கைப்பற்றியது. கொடி மாத்திரமே அவ்வெற்றியைத் தந்தது என்று சொல்வதற்கில்லை. கொடி அதற்கு இடையூறு செய்யவில்லை என்று சொல்லலாம்.

அன்று கோபுரத்தில் ஏறியது பழைய காரியோன் கொடியே. புதிய கொடி தைப்பதற்கு அவகாசம் இருக்கவில்லை. மந்திரிசபைக் கட்டளையோ ஒரு திருத்தத்தைக் கூறியிருந்தது. நடுவை நோக்கிச் சாய்ந்த லில்லிகள் இனி நேராக நிமிர்ந்து நிற்கவேண்டும் என்பதே அது. வானோக்கி நிற்றல் மரபின் உறுதியைக் காட்டும் என அரசாங்கத் தரப்பினர் விளக்கினர். குலச்சின்னக் கலை அறிந்தோர்க்கும் அது பிடித்திருந்தது. கட்டத்துள் மலர் செவ்வையாய் அமைந்தது. திருவிருதயமும் இலைமாலையும் நீங்கின. குருமாரின் செல்வாக்கு உச்சத்தில் இருந்த அக்காலத்திலே இவ்வாறு செய்ய ஒரு துணிவு வேண்டும். சிலுவை இருந்தமையால் பக்தர் அமைதியுற்றனர். விருதயம் இல்லாமையால் ஏனையோர் அணுக முடிந்தது. 1950இல் சட்டசபை இக்கொடியைச் சட்டமூலமாக உறுதிசெய்தது. கனடா தன் சிவப்பு மேப்பிள் இலைக் கொடியை ஏற்றியது 1965 பெப்ரவரி 15இலேதான். கியூபெக் அதற்குப் பதினேழு ஆண்டு முந்திக்கொண்டது.

கொடியின் குறியீட்டை இப்பொழுது தொகுத்து நோக்கினால் ஒரு விந்தை புலப்படும். நீலமும் லில்லியும் முடியாட்சிக்கு உரியவை; கியூபெக்கில் இன்று பிரான்சு மன்னரைத் தேடுவார் இலர். சிலுவை திருச்சபைக்கு உரியது, 1960ஆம் ஆண்டு தொடங்கிய 'அமைதிப் புரட்சி' என்னும் மாற்றத்தின்பின் பாடசாலையும் மருத்துவமனையும் திருச்சபையின் கையை விட்டு அரசாங்கத்தின் கைக்கு மாறின, ஆலயங்கள் வெறுமையுற்றன. வெண்மையும் நீலமுமே எஞ்சின. பொருள் கொடுத்தவர்கள் போன பின்னும் கொடி பொருளிழக்கவில்லை. பிரெஞ்சு மொழி பேசும் ஒரு சமூகம் அறுபது இலட்சத்துக்கு மேற்பட்டோராய் ஆங்கிலக் கடலின் நடுவே நிலைத்திருக்கிறது என்ற ஒன்றையே அது சொல்லலாயிற்று.

அதனாலேயே அதற்கு நேர்ந்த அவமதிப்பு பெருங்காயமாயிற்று. 1989 செப்டெம்பரில், அயல் மாகாணமாகிய ஒன்ராறியோவின் புறொக்வில் நகரத்தில், பிரெஞ்சு மொழிச் சேவைகளை எதிர்த்த ஒரு சிறு கூட்டத்தினர் கியூபெக் கொடியைத் தரையில் விரித்து மிதித்தனர். மிதித்தோர் சிலரே. ஆனால் அந்தக் காட்சி தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் காட்டப்பட்டது. அரசியல் யாப்புப் பற்றிய மனத்தாங்கல் முற்றியிருந்த அவ்வேளையில், நூறு மேடைப்பேச்சுக்கள் செய்யாததை அந்தச் சில விநாடிகள் செய்தன.

1995 அக்டோபர் 30இல், மாகாணம் தனிநாடாவதா என்று மக்களிடம் கேட்கப்பட்டது. ஆம் என்றோர் நூற்றுக்கு 49.42, இல்லை என்றோர் 50.58. வாக்காளருள் நூற்றுக்குத் தொண்ணூற்று மூவருக்கு மேல் வாக்களித்த அத்தேர்தலில் இரு தரப்பையும் பிரித்தவை ஏறத்தாழ 54,000 வாக்குகள். பிரிவினை கோரியோர் நீலக் கொடியைப் பிடித்தனர். பிரிவினை வேண்டா என்ற கியூபெக் வாசிகளோ சிவப்பு மேப்பிள் கொடியோடு அதே நீலக் கொடியையும் உடன் பிடித்தனர். இரு தரப்பும் விட்டுக்கொடாத பொருள் அந்த ஒன்றுதான்.

இருப்பினும், எல்லோரும் அதில் தம்மைக் காண்கின்றனரா என்ற வினா நீங்கவில்லை. கியூபெக்கில் தலைமுறை தலைமுறையாக வாழும் ஆங்கிலேயர், ஸ்கொத்லாந்தியர், ஐரிஷ் மக்கள் ஆகியோரைக் குறிக்க அதில் எதுவுமில்லை. மாகாணம் முறைப்படி ஏற்றுள்ள பதினொரு ஆதிக்குடி இனங்களுக்கும் அதில் ஓரடையாளமில்லை. தொன்னக்கோனாவின் விரல் சுட்டிய நிலத்தில் கார்த்தியேயின் லில்லியே இன்றும் நிற்கிறது. மொன்றியல் நகரசபை வேறொரு வழியைக் கண்டது. பிரெஞ்சு லில்லி, ஆங்கில ரோசா, ஸ்கொத்லாந்து முட்செடி, அயர்லாந்து மூவிலை ஆகிய நான்கும் அமைந்த அந்நகரக் கொடியின் நடுவிலே, 2017இல், ஆதிக்குடிகளைக் குறிக்கும் வெண்பைன் மரமொன்று சேர்க்கப்பட்டது. கியூபெக் மாகாணக் கொடியிலோ 1948க்குப் பின் எந்த வடிவும் சேரவுமில்லை, நீங்கவுமில்லை. அழகைப் பொறுத்தவரை குறை கூறுவார் அரியர். வட அமெரிக்கக் கொடியியற் சங்கம் 2001இல் நடத்திய வாக்கெடுப்பில், அமெரிக்க மாநிலங்களும் கனேடிய மாகாணங்களும் உட்பட 72 கொடிகளுள் அது மூன்றாம் இடத்தைப் பெற்றது.

இறுதியாக, முன்னர் ஒத்திவைத்த அந்த மலர் வழக்குக்கு வருவோம். 1963இல் மாகாண அரசாங்கம் தனக்கொரு மலரைத் தெரிந்தெடுத்தபோது, கொடியில் லில்லி இருக்கிறதே என்று எண்ணி, வெள்ளை லில்லியையே மாகாண மலராக விதித்தது. ஆனால் வெள்ளை லில்லி கியூபெக் மண்ணில் இயல்பாய் முளைப்பதன்று. கடல் கடந்து வந்து தோட்டங்களில் வளர்வது. காட்டிலும் வயலிலும் தேடியும் காணாத பூவை நாட்டுமலர் என்பது எங்ஙனம் என்று தாவரவியலார் கேட்டனர். மேலும், கொடியின் வடிவம் லில்லியைவிட ஐரிஸ் மலரையே ஒத்திருக்கிறது என்றனர். முப்பத்தாறு ஆண்டுகள் சென்றபின் அவர்கள் வழக்கு வென்றது. கொடியையும் சின்னங்களையும் பற்றி 1999இல் இயற்றப்பட்ட சட்டம், மாகாணக் கொடிக்கு ஏனைய எல்லாக் கொடிகளுக்கும் மேலான இடத்தை விதித்ததோடு, வெள்ளை லில்லியை நீக்கி நீல ஐரிஸ் மலரை மாகாண மலராக்கியது. சென் லோறன்ஸ் நதியின் ஈரக்கரைகளிலும் சதுப்பு நிலங்களிலும், எவரும் நாட்டாமலே, கோடையின் தொடக்கத்தில் அது பூக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்த பழந்துணியை 1848இல் ஊர்வலமாகக் கொண்டுசென்ற அந்த யூன் 24, இன்று மாகாணத்தின் தேசிய விடுமுறை நாள். அந்நாளை ஒட்டியே நீல ஐரிஸ் மலரும் பருவமும் அமைகிறது.